நாற்பத்தொன்றாம் எண் அட்டை

செந்தில்நாதனுக்கு மலை பிடிக்காது, மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது, மலைக்காரர்களைக் கண்டாலே முகம் கோணும். அப்படிப்பட்டவரைத்தான் தேடிப் பிடித்துக் கொல்லிமலையில் இருக்கும் மலைமக்கள் அருங்காட்சியகத்துக்குக் காப்பாட்சியராகப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே மப்ளரோடு ஏறிவிடுவார். நடுவில் இருக்கிற நாட்களில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மலைமக்களின் பண்பாட்டைப் பாதுகாத்தார். அரசாங்கம் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தது.

பாவாயி அங்கே பெருக்குகிறவள். டிக்கெட் கிழிப்பது, கண்ணாடிப் பெட்டி துடைப்பது, யாராவது வெளியூர்க்காரர்கள் வந்தால் தேன் கூடை எது எலிப்பொறி எது என்று காட்டுவது, எல்லாம் அவள்தான். பதினோரு வருடமாகத் தற்காலிகம். செந்தில்நாதனைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வந்த முதல் வாரத்தில் அந்த மனிதர் அவளைக் கூப்பிட்டு, "நீங்கள்லாம் மலையாளிதானே? வீட்ல மலையாளம் பேசுவீங்களா?" என்று கேட்டார். இந்த மலையில் காலங்காலமாக இருக்கிற பழங்குடிக்குத்தான் மலையாளி என்று பெயர், கேரளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது, அந்தப் பழங்குடியின் அருங்காட்சியகத்தைக் கட்டி மேய்க்க வந்தவருக்குத் தெரியவில்லை. "இல்லீங்க சார், தமிழுதானுங்க" என்று பாவாயி பணிவாகச் சொன்னாள். பின்கட்டுக்குப் போன பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

நவம்பர் மாத நடுவில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இருபத்தாறாம் தேதி அரசியலமைப்பு நாள். எல்லா அருங்காட்சியகங்களிலும் கொண்டாட வேண்டும், முகவுரை வாசிக்க வேண்டும், மாணவர்கள் பங்கேற்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குள் போட்டோ அனுப்ப வேண்டும். கடைசி விஷயம் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. செந்தில்நாதன் அதை மட்டும் மூன்று முறை படித்தார்.

"சீஃப் கெஸ்ட் யாருங்க சார்?" என்று பாவாயி கேட்டாள்.

"நம்ம கோட்ட அதிகாரி பொன்னுசாமி சார்தான். பெரிய மனுஷன். அவர் ஒரு வார்த்தை சொன்னா எனக்குக் கீழ டிரான்ஸ்ஃபர் கிடைச்சிரும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் பாவாயிக்கு வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்றால், அது ஒரு வருடக் கதை.

பாவாயியின் மகள் தேன்மொழிக்குச் சேலத்தில் ஒரு நர்சிங் காலேஜில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழை இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் பொன்னுசாமி. மனு மூன்று முறை போனது, மூன்று முறை திரும்பி வந்தது.

முதல் முறை திரும்பியதற்குக் காரணம், தேன்மொழியின் அப்பா குழந்தைசாமியின் ஐந்தாம் வகுப்புச் சான்றில் 'இந்து, கவுண்டர்' என்று இருந்ததுதான். மலைக்காரர்கள் பேருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிற வழக்கம். கீழ்நாட்டிலிருந்து வந்த வாத்தியாருக்குத் தெரிந்தது கீழ்நாட்டுச் சாதியான ஒரே ஒரு கவுண்டர், அதை எழுதிவிட்டார். இரண்டாம் முறை விசாரணைக்கு ஓர் ஆள் வந்தார். டீ குடித்தார், முறுக்குத் தின்றார், மூலையில் இருந்த டிவியைப் பார்த்துவிட்டு 'நவீன வாழ்க்கை முறை' என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் முறை பொன்னுசாமியே ஆபீசுக்குக் கூப்பிட்டார். தாயும் மகளும் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனார்கள்.

அந்த மனிதர் தேன்மொழியை மேலும் கீழுமாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி, செருப்பு, கையில் போன். "பாத்தா பழங்குடி மாதிரியே தெரியலையே" என்றார். "தேன் எடுக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆறாவதுல இருந்து ஹாஸ்டல்ல படிச்சனுங்க."

"வேட்டைக்குப் போறதுண்டா?"

"நர்சிங்குல அதெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சு வந்துட்டனுங்க" என்றாள் தேன்மொழி.

பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதிகாரிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தாத்தா காலத்து ஆதாரம் வேணும். பழங்குடின்னு தெளிவா எழுதி, பொறுப்புள்ள அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். போலிங்க அதிகமாயிட்டாங்க. போங்க" என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

தாத்தா காலத்து ஆதாரம் இல்லாமல் இல்லை. அருங்காட்சியகத்தின் நடுச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறதே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ, அதில் நிற்பவர் பாவாயியின் மாமனார் செல்லமுத்து. கையில் கொடுவாள், இடுப்பில் துண்டு, வெற்று மார்பு. பக்கத்தில் மூக்கு ஒழுக நிற்கிற எட்டு வயதுப் பொடியன்தான் பிற்காலத்தில் பாவாயிக்குப் புருஷனாக வாய்த்த குழந்தைசாமி. ஏதோ ஆராய்ச்சிக்காரர்கள் அரியூர் நாட்டுக்கு வந்து எடுத்த படம். செல்லமுத்து சாகும்வரைக்கும் அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேளுக்குறிச்சிச் சந்தையில் துணி எடுத்துத் தைத்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாராம். போட்டோக்காரன், "சட்டையக் கழட்டுங்க பெரியவரே, அப்பத்தான் நல்லா வரும்" என்றானாம். "நல்ல சட்டையக் கழட்டச் சொல்லிப்புட்டான் அம்மிணி, மார்கழிக் குளுருல" என்று மருமகளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்தப் போட்டோவைப் பற்றி அருங்காட்சியகப் பதிவேட்டில் எல்லாம் எழுதியிருந்தது: பெயர், ஊர், இனம். அதற்கு ஒரு நகல் கொடுங்கள் என்று பாவாயி கேட்டபோது செந்தில்நாதன் பதறிப்போனார். "ஐயையோ, பதிவேடு அருங்காட்சியகச் சொத்து. நகல் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்கு விசாரணை வந்தா நான்ல மாட்டுவேன்?" இத்தனைக்கும் அந்தப் பதிவேட்டை வாரம் ஒரு தடவை தூசி தட்டுவது பாவாயிதான். தூசி அவளுடையது, எழுத்து அரசாங்கத்துடையது.

சரி, விழாவுக்கு வருவோம். மலை ஈரத்தில் பழைய விளக்க அட்டைகள் எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. விழாவை முன்னிட்டுப் புதிதாக அச்சடித்துவிடலாம் என்று செந்தில்நாதன் தீர்மானித்தார். பதிவேட்டைப் பார்த்து அறுபத்திரண்டு அட்டைக்கும் அவரே கம்ப்யூட்டரில் தட்டினார். இங்கேதான் அவருடைய பழைய வியாதி வேலை செய்தது. இங்கே வருவதற்கு முன்னால் பதினைந்து வருடம் கீழே ஓர் ஆபீசில் நகல்களைச் சரிபார்த்துச் சான்று எழுதுகிற பிரிவில் உட்கார்ந்திருந்தவர் அவர். எதை எழுதினாலும் அடியில் 'மேற்கண்ட விவரங்கள் சரிபார்க்கப்பட்டு உண்மையெனச் சான்றளிக்கப்படுகிறது' என்று முடிக்காவிட்டால் அவருக்குக் கை ஓயாது. மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்த வரி வராமல் தடுத்தது அவர் மனைவிதான் என்று சொல்வார்கள்.

அறுபத்திரண்டு அட்டையும் சேலத்திலிருந்து அச்சாகி வந்த பிறகுதான், ஒவ்வொன்றின் அடியிலும் அந்த வரி இருப்பதைப் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் அடியில் ஒரு துண்டைக் கத்தரித்துவிட்டு மாட்டியிருப்பான். செந்தில்நாதன் புத்தி வேறு மாதிரிப் போனது. சான்றளிக்கப்படுகிறது என்று இருந்தால் கீழே கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இருந்தால் முத்திரை இருக்க வேண்டும். யார் கையெழுத்து? சீஃப் கெஸ்ட் கையெழுத்து! மரக்கன்று நட்டால்கூடப் பக்கத்தில் பலகை வைத்துக் கையெழுத்துப் போடுகிற பொன்னுசாமி இதைக் கேட்டால் குளிர்ந்துபோவார். "அரசியலமைப்பு நாள் நினைவா அதிகாரி கையாலயே சான்றளிச்ச அட்டை! இந்தியாவுலயே எந்த மியூசியத்துலயும் கிடையாது" என்று சொல்லிக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். இருக்காது. வேறு எந்தக் கிறுக்கனுக்கு இது தோன்றும்?

முந்தின நாள் சாயங்காலம் அட்டைகளை எண் வாரியாக அடுக்கும்போது பாவாயி நாற்பத்தொன்றாம் எண்ணைப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள், நிதானமாகப் படித்தாள். 'புகைப்படம். செல்லமுத்து, தந்தை பெயர் சடையன், இனம் மலையாளி (பழங்குடி), அரியூர் நாடு, கொல்லிமலை. உடன் நிற்பவர் மகன் குழந்தைசாமி, வயது 8. ஆண்டு 1986.' அதற்கடியில் அந்த வரி. அதற்கடியில் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் வெற்றிடம்.

தாத்தா காலத்து ஆதாரம், பழங்குடி என்று தெளிவாக எழுத்து, பொறுப்புள்ள அதிகாரியின் கையெழுத்து. பொன்னுசாமி கேட்டது அத்தனையும் ஒரே அட்டையில் இருந்தது. அட்டையை மற்றவற்றோடு வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

விழா பத்து மணிக்கு. பொன்னுசாமி பன்னிரண்டுக்கு வந்தார். அதுவரைக்கும் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர், தூறலிலும் பனிமூட்டத்திலும் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். சமத்துவத்தைப் பற்றிய விழா ஆயிற்றே, உள்ளே உட்கார வைத்தால் தரை அழுக்காகிவிடும் என்று செந்தில்நாதன் விடவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும்தான் உள்ளே துரத்தினார். சால்வை, பூங்கொத்து, பழத்தட்டு எல்லாம் முடிந்தது. செந்தில்நாதன் முகவுரையை வாசித்தார். 'இறையாண்மை' என்ற இடத்தில் தும்மினார். திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளும் கூடவே தும்மப் பார்த்தார்கள், வாத்தியார் முறைத்ததால் அடக்கிக்கொண்டார்கள்.

பிறகு அட்டைகள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பச்சை மைப் பேனா வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது பாவாயியின் வேலை. முத்திரை குத்துவதற்குப் பொன்னுசாமியின் ஆபீஸ் உதவியாளர் சதீஷ்குமார் முத்திரையோடு வந்திருந்தான். பாவாயி அந்த முத்திரையையே பார்த்தாள். கீழே போகும்போதெல்லாம் 'முத்திரை பீரோவுல இருக்கு, சாவி இல்ல' என்று சொல்வார்கள். இன்றைக்கு உலக்கைக்கும் ஊதுகுழலுக்கும் குத்துவதற்காக மலையேறி வந்திருக்கிறது.

பொன்னுசாமி எதையும் படிக்கவில்லை. படிப்பது சின்ன அதிகாரிகளின் வேலை. வளைத்து, சுழித்து, அடியில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். அம்மிக்குப் போட்டார், முறத்துக்குப் போட்டார், குச்சிக்கிழங்கு சீவும் கத்திக்குப் போட்டார். முப்பத்திமூன்றாவது அட்டையில் கையை உதறினார்.

"போதும் செந்தில்நாதன். மீதிய ஆபீசுக்கு அனுப்பிருங்க, மெதுவாப் போட்டுத் தரேன்."

அவர் மெதுவாகப் போடுவது எப்படி என்று பாவாயியைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒரு நொடிதான் யோசித்தாள். அடுக்கின் நடுவிலிருந்து நாற்பத்தொன்றை உருவி மேலே வைத்தாள்.

"ஏனுங்கய்யா, இந்தப் பெரிய போட்டோ அட்டை ஒன்னுக்கு மட்டும் போட்டுருங்க. பேப்பர்க்காரங்க அதத்தானுங்க படம் புடிப்பாங்க. ஐயா கையெழுத்து இல்லீனா வெறிச்சுன்னு இருக்குமுங்க."

பத்திரிகைக்காரன் யுவராஜ் போனை நீட்டிக்கொண்டு வீடியோ எடுத்தபடி நின்றிருந்தான். பொன்னுசாமி அவனைப் பார்த்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குக் கூடுதலாக ஒரு சுழி போட்டார். கேட்காமலே தேதியும் போட்டார். சதீஷ்குமார் முத்திரையை அழுத்திக் குத்தினான். பாவாயி மை காய்வதற்கு ஊதினாள்.

அவள் நினைத்தது இவ்வளவுதான். விழா முடியட்டும், ஆபீசர் போகட்டும், எதிர்ச்சாரியில் இருக்கிற இ-சேவை மையத்தில் ஜாஸ்மினிடம் கொடுத்து அட்டையை ஸ்கேன் பண்ணி ஏற்றி நாலாவது மனுப் போட்டுவிடலாம். வாயைத் திறக்க வேண்டும் என்று அவளுக்கு எண்ணமே இல்லை. பொன்னுசாமிதான் திறக்க வைத்தார்.

மைக் வைத்திருந்த இடம் அந்தப் போட்டோவுக்குப் பக்கம். முன்னால் நின்று கால் மணி நேரம் பேசினார். உரிமைகள் என்றார், கடமைகள் என்றார், கடமைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பிறகு திரும்பிச் செல்லமுத்துவைக் கையால் காட்டினார். "பாருங்க மாணவர்களே. இவர்தான் உண்மையான பழங்குடி. இந்த உடம்பப் பாருங்க, இந்தப் பார்வையப் பாருங்க. இப்ப என் ஆபீசுக்கு வர்றாங்களே, கண்ணாடி மாட்டிக்கிட்டு, செருப்புப் போட்டுக்கிட்டு, நாங்களும் பழங்குடின்னு. எல்லாம் போலி. இவர் மாதிரி உள்ளவங்களோட உரிமையத் திருட வர்றாங்க. நான் இருக்கறவரைக்கும் விட மாட்டேன்."

டீ டம்ளர் தட்டோடு நின்றிருந்த பாவாயிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, அது எங்க மாமனாருங்க."

பொன்னுசாமி முகம் மலர்ந்தது. "அப்படியாம்மா! பாருங்க, இவங்க மருமகளே இங்க இருக்காங்க. எல்லாரும் கை தட்டுங்க!" பிள்ளைகள் தட்டினார்கள்.

"பக்கத்துல மூக்கொழுகிக்கிட்டு நிக்கறது என்ற ஊட்டுக்காரருங்க. அட்டையில பேரு போட்டிருக்குதுங்க. இப்பத்தான் சரிபாத்து உண்மைன்னு கையெழுத்துப் போட்டீங்க."

"சந்தோஷம்மா, சந்தோஷம்."

"அவரு மவதானுங்க தேன்மொழி. தேன் எடுக்கத் தெரியுமான்னு கேட்டீங்களே, கண்ணாடி போட்ட புள்ள. மூனு தடவ மனுவத் திருப்பி அனுப்பிச்சீங்களே, அந்தப் புள்ள."

பொன்னுசாமி செந்தில்நாதனைப் பார்த்தார். செந்தில்நாதன் மப்ளரைப் பார்த்தார்.

"அது ஆபீஸ் விஷயம்மா" என்றார் பொன்னுசாமி. "அது வேற, இது வேற. இது வந்து... பண்பாடு."

"தாத்தன் பழங்குடிங்க. அவரு மவன் பழங்குடிங்க. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பேத்தி மட்டும் எப்பிடிங்க போலியாப் போவா? நடுவுல எந்த வளைவுலீங்க எறங்கிப்போனா?"

"பாவாயி!" செந்தில்நாதன் பல்லைக் கடித்தார். "உள்ள போய் டீ எடுத்துட்டு வா."

"டீ ஆறட்டுங்க சார்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, அட்டையில இருக்கறது பொய்யின்னா, இந்தப் புள்ளைங்க முன்னால அடிச்சுட்டு, பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேனா அங்கதான் இருக்குது. முத்திரையும் இருக்குது."

யுவராஜின் போன் அசையாமல் நின்றது. பொன்னுசாமி அந்தப் போனையே பார்த்தார். பழங்குடியின் பார்வையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவருக்கு, எதிரில் நின்ற ஒருத்தியின் பார்வையைப் பார்க்கத் தெம்பு இல்லை. "மனு வரட்டும், பரிசீலிக்கிறேன்" என்று மைக்கில் முணுமுணுத்துவிட்டு ஜீப்பைத் தேடிப் போனார். மைக் சத்தம் நின்றால் கை தட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால் ஜோராகக் கை தட்டினார்கள்.

ஜாஸ்மின் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அட்டையைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். "யக்கா, இது சாமானியப்பட்ட ஆதாரம் இல்ல பாத்துக்கிடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற்றினாள். சான்றொப்பமிட்ட அதிகாரியின் பெயர் என்ற கட்டத்தில் பொன்னுசாமி என்று தட்டினாள். மனு யாருக்கு என்ற இடத்திலும் அதே பெயர்தான். சிக்னல் போய்ப் போய் வந்தது. மனு ஏறி முடியும்போது இருட்டிவிட்டது. பாவாயி அட்டையைக் கொண்டுபோய்ப் போட்டோவுக்கு அடியில் அதன் இடத்திலேயே மாட்டினாள். அடுத்தவர் சொத்து அவளுக்கு வேண்டியதில்லை.

தன் கையெழுத்தையே ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்ப ஒரு மனிதனால் முடியுமா? பொன்னுசாமி முயன்றிருப்பார், சந்தேகமே வேண்டாம். அதற்குள் யுவராஜின் வீடியோ கீழ்நாடு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. ஜாஸ்மின் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள். தேன்மொழி அதைக் கையில் வாங்கி, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாவாயிக்கும் கண் கலங்கியது. "அழுவாத கண்ணு. காயிதம் நனைஞ்சா மறுபடியும் அந்த மூஞ்சியப் போய்ப் பாக்கோணும்" என்றாள்.

அந்த நல்ல நேரத்தில்தான் செந்தில்நாதன் இளித்துக்கொண்டு வந்து நின்றார். "பாவாயி, ஆபீசர் பெரிய மனசு பண்ணிட்டார். நாளைக்குப் பதினோரு மணிக்கு இங்கயே வந்து, அந்தப் போட்டோ முன்னாலயே, பழங்குடி மாணவிக்குத் தன் கையால சான்றிதழ் குடுக்கறார். எல்லாப் பத்திரிகையும் வருது."

"சான்றிதழ்தான் வந்துருச்சுங்களே சார்."

"அட, இது போட்டோவுக்கும்மா. அப்புறம் பொண்ணு சுடிதார்ல வந்தா எடுபடாது. அந்தக் காலத்து மலைக்கட்டுல சேலை கட்டிட்டு வரச் சொல்லு. செருப்பு வேண்டாம். கண்ணாடியையும் கழட்டிடச் சொல்லு, கொஞ்ச நேரம்தானே? அப்பத்தான் நல்லா வரும்."

பாவாயிக்குச் செல்லமுத்துவின் சட்டை ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினால் தேன்மொழிக்கு எதிரில் இருப்பவரே தெரியாது. தன் கையில் கொடுக்கப்படுவது என்ன என்றும் தெரியாது. இவர்களுக்கு அது வசதிதான்.

"காலேஜுல நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கோணுங்க சார். ஐயா நேத்தே ரெண்டு மணி நேரம் லேட்டுங்க. அப்பறம் எப்பிடிங்க சேலம் போய்ச் சேர்றது?"

"அதெல்லாம் போயிரலாம்." இளிப்பு மறைந்தது. "என் டிரான்ஸ்ஃபர் இதுலதான் இருக்கு. நீ வேற தற்காலிகம். வரலைன்னா நான் ஒன்னும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருட வேலை. அது போனால் மறுபடியும் மிளகுத் தோட்டத்துக் கூலிதான், இல்லையென்றால் புருஷனோடு கீழே போய்ச் செங்கல் சுமக்க வேண்டும். தெரியாமல் இல்லை. "சரிங்க சார்" என்றாள். பதினோரு வருடமாகச் சொல்லும் அதே சரிங்க சார்தான். கண்ணாடிப் பெட்டிகளை ஒரு தடவை துடைத்தாள், சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினாள், வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள். தேன்மொழி சுடிதார், செருப்பு, கண்ணாடி. அடிவாரத்தில் காரவள்ளியில் கட்டட வேலைக்குப் போயிருந்த குழந்தைசாமி அங்கேயே சிமெண்ட் கறை படிந்த சட்டையோடு ஏறிக்கொண்டான். இப்போது மூக்கு ஒழுகவில்லை. மகள் சான்றிதழை நீட்டியதும் அதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பழங்குடி என்ற வார்த்தைமேல் விரலை வைத்து, "நம்ம என்னன்னு இப்பத்தான் தெரிஞ்சுதாமா இவனுங்களுக்கு?" என்றான்.

காலேஜ் ஆபீசில் இருந்த கிளார்க் சான்றிதழை வாங்கினார். எண்ணை ஒரு தடவை பார்த்தார், பைலில் போட்டார், "அடுத்து" என்றார். அரை நிமிடம் ஆகவில்லை. இதற்காகத்தான் ஒரு வருடம் மலைக்கும் அடிவாரத்துக்குமாக நாயாக அலைய வைத்தார்கள். தேன்மொழியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. இனி எந்தப் பொன்னுசாமி வந்தாலும் அழிக்க முடியாது.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது பாவாயியின் போன் அடித்தது. மணி பதினொன்று இருபது. எடுத்ததும் செந்தில்நாதன் அலறினார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"எங்கம்மா இருக்க? ஆபீசர் வந்து இருபது நிமிஷமாச்சு! கையில சான்றிதழ வச்சுக்கிட்டு நிக்கறார். பத்திரிகைக்காரன்லாம் கேக்கறான், பழங்குடி எங்கன்னு. நான் யாரக் கொண்டாந்து நிறுத்துவேன்?"

"சேலத்துல இருக்கறனுங்க சார். புள்ளையச் சேத்துட்டோமுங்க."

"என் மானத்த வாங்கிட்டியே! உன் வேலை..."

"வேலைய நீங்களே வச்சுக்குங்க சார். சாவி ஆணியில இருக்குது."

"இப்ப போட்டோவுக்கு என்ன பண்றது, அதச் சொல்லு!" அந்த மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது.

பாவாயி பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். தேன்மொழி கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பழங்குடிதானுங்களே வேணும்? நாப்பத்தொன்னாம் நம்பரு செவுத்துலயே நிக்கறாருங்க. ஐயாவப் பக்கத்துல நின்னு எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். "சட்டைய மட்டும் கழட்டிட்டு நிக்கச் சொல்லுங்க சார். அப்பத்தான் நல்லா வரும்."